பழைய கார்ட்ரிட்ஜ், பழைய ஊசி: மும்பையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மாட்டுங்காவில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேஜை போட்டிருக்கிறேன். அதன் மேல் ஒரு விளக்கு, ஒரு லென்ஸ், ஒரு சின்னத் தராசு. ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, தாராவி என்று எங்கெங்கிருந்தோ தமிழ்க்காரர்கள் அப்பாவின், தாத்தாவின் ரிக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிலர் கார்ட்ரிட்ஜை மட்டும் கழற்றித் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள். கேள்விகள் மட்டும் எப்போதும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் எழுதிவைக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும்.

கார்ட்ரிட்ஜ், ஊசி ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா? கடையில ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டும் வேறு. பிளேயரின் கை (தட்டின் மேல் நீளும் தண்டு) நுனியில், ஹெட்ஷெல் என்ற தலைப்பகுதிக்கு அடியில் திருகு போட்டு மாட்டியிருக்கும் சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். தட்டின் பள்ளத்தில் இறங்கி ஓடும் கல் முனை, அதைத் தாங்கும் கான்டிலிவர் என்ற மெல்லிய தண்டு, தண்டைப் பிடித்திருக்கும் டேம்பர் ரப்பர், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஊசி, அதாவது ஸ்டைலஸ். ஊசி ஆடுகிறது, அந்த ஆட்டத்தைக் கார்ட்ரிட்ஜ் மின்சாரமாக மாற்றுகிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. “கார்ட்ரிட்ஜ் போச்சு” என்று என்னிடம் வருவதில் பெரும்பாலானவற்றில் போயிருப்பது ஊசி, இல்லாவிட்டால் வயர். பெட்டி நன்றாகவே இருக்கும். தூக்கிப் போடும் முன் எங்கே கோளாறு என்று பார்த்துவிடுங்கள். அந்தப் பழைய பெட்டியை இனி யாரும் செய்யப்போவதில்லை.

என்கிட்ட இருக்கறது எந்த வகைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நம் வீடுகளில் கிடைப்பது நான்கு வகை. கிறிஸ்டல், செராமிக், மூவிங் மேக்னெட், எப்போதாவது மூவிங் காயில். எச்எம்வி ஃபியஸ்டா மாதிரி பெட்டி பிளேயர்கள், பிஎஸ்ஆர், கராட் சேஞ்சர்கள் (தட்டைத் தானே மாற்றிப் போடும் பிளேயர்கள்) என்றால் பெரும்பாலும் கிறிஸ்டல் அல்லது செராமிக். ஊசிக்குப் பக்கத்தில் சின்ன நெம்புகோல் இருந்து, திருப்பினால் ஒரு பக்கம் எல்பி, மறுபக்கம் 78 (நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) என்று வந்தால் சந்தேகமே வேண்டாம், இந்த இரண்டில் ஒன்றுதான்.

ஊசி முன்பக்கமாக உருவக்கூடியதாக இருந்து, உருவினால் தண்டின் மறுமுனையில் துளியூண்டு காந்தம் தெரிந்தால் அது மூவிங் மேக்னெட். ஷுயர் கம்பெனி 1958-இல் எம்3டி என்ற பெயரில் ஸ்டீரியோவுக்கு இதைக் கொண்டுவந்தது. அப்புறம் எம்44, எம்75, வி15 என்று அதே வழியில் நிறைய வந்தன. காயில்கள் பெட்டிக்குள் அசையாமல் இருக்கின்றன, ஆடுவது ஊசியோடு சேர்ந்த காந்தம்தான். அதனால் ஊசியை மாற்றினாலே தேயக்கூடிய பாகம் எல்லாம் புதிதாகிவிடுகிறது. பழையதில் எதை வாங்கலாம் என்று கேட்டால் நான் இந்த வகையைச் சொல்வது இதனால்தான்.

மூவிங் காயிலில் இது தலைகீழ். தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் சுற்றிய காயில்கள் தண்டோடு சேர்ந்து ஆடும். ஊசியைத் தனியாகக் கழற்ற முடியாது. ஜப்பான் வானொலிக்காக 1960-களின் தொடக்கத்தில் உருவான டெனான் டிஎல்-103 இந்த வகைதான், இன்றும் விற்பனையில் இருக்கிறது.

அப்பாவோட பிளேயர் இருபது வருஷமா பரண்ல கிடந்தது. நேரா ஒரு தட்டு போட்டுப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அதுவும் அப்பா ஆசையாக வைத்திருந்த தட்டை முதலில் போடவே வேண்டாம். இருபது வருஷத்தில் ஊசியின் ரப்பர் கல்லாகியிருக்கும், முனையில் தூசி கெட்டியாகப் படிந்திருக்கும். ரப்பர் விறைத்த ஊசியால் பள்ளத்தின் வளைவுக்கு ஏற்ப வளைய முடியாது. பள்ளத்தின் சுவரை இடித்துக்கொண்டே போகும். ஒரே ஓட்டத்தில் போன ஓசை திரும்பி வராது.

முதலில் லென்ஸ் வைத்துப் பாருங்கள், துடையுங்கள், எடை பாருங்கள். இவற்றுக்குக் கீழே தனித்தனியாகப் பதில் இருக்கிறது. சோதனைக்கு என்று உங்களுக்கு ஒட்டுதல் இல்லாத, நல்ல நிலையில் உள்ள ஒரு தட்டை ஒதுக்கி வையுங்கள்.

ஊசி தேஞ்சு போச்சான்னு கண்ணால பார்த்தே சொல்லிடுவீங்களாமே?

வெறும் கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. ஜவேரி பஜாரில் நகைக்காரர்கள் கல் பார்க்கும் லென்ஸ் கிடைக்கும். இருபது மடங்கு பெரிதாகக் காட்டுவதை வாங்குங்கள். விளக்கை ஒரு பக்கத்திலிருந்து அடித்து, ஊசியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். புது முனை உருண்டையாக இருப்பதால் வெளிச்சம் ஒரு புள்ளியாக மட்டும் மின்னும். தேய்ந்த முனையில் இரண்டு பக்கமும் பட்டை விழுந்து, சின்னக் கண்ணாடித் துண்டு வைத்த மாதிரி சட்டென்று பளிச்சிடும். ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

வைர முனை ஐந்நூறிலிருந்து ஆயிரம் மணி நேரம் வரை ஓடும். பழைய பெட்டி பிளேயர்களின் ஊசிகளில் பல நீலக்கல் முனை, அதன் ஆயுள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. காதாலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். பாடகர் குரலில் ச, ஸ, ஷ வரும் இடங்களில் மட்டும் எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி பொரிந்தால், ஒன்று ஊசி தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் தட்டு தேய்ந்திருக்கிறது. நல்ல தட்டு ஒன்றைப் போட்டால் எது என்று தெரிந்துவிடும்.

ஊசியை எதால தொடைக்கறது? நான் விரலால தள்ளி விட்டுடறேன்.

விரலை ஊசிப் பக்கமே கொண்டு போகாதீர்கள். தோலின் எண்ணெய் ஒட்டி, அடுத்த தட்டின் தூசியை எல்லாம் பிடித்துக்கொள்ளும். மென்மையான சின்ன பிரஷ் போதும். பின்னாலிருந்து முன்னால், தட்டு ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். முன்னாலிருந்து பின்னாலோ, பக்கவாட்டிலோ இழுத்தால் தண்டு வளையும்.

கெட்டியாகப் படிந்திருந்தால் பிரஷ் நுனியை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் தொட்டு, உதறிவிட்டு, முனையில் மட்டும் படும்படி இழுங்கள். தண்டு வழியாக ஆல்கஹால் ரப்பருக்குப் போகக் கூடாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இதே ஆல்கஹாலால் 78 தட்டைத் துடைக்காதீர்கள். அவை அரக்கால் ஆனவை, கரைந்துவிடும்.

ஒரு பக்கம் ஸ்பீக்கர்ல மட்டும் சத்தம் வரல. கார்ட்ரிட்ஜ் ஒரு சேனல் செத்துடுச்சா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். முக்கால்வாசி நேரம் கார்ட்ரிட்ஜ் குற்றவாளி இல்லை. வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு படியாக வர வேண்டும். வால்யூமைக் குறைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இடது பிளக்கையும் வலது பிளக்கையும் மாற்றிச் செருகுங்கள். ஊமையாக இருந்த ஸ்பீக்கர் அப்படியே ஊமையாக இருந்தால் கோளாறு ஆம்பிலோ ஸ்பீக்கரிலோ. ஊமைப் பக்கம் இடம் மாறினால் கோளாறு பிளேயரில். பிளக்குகளைப் பழையபடி போட்டுவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

ஹெட்ஷெல்லைக் கழற்றி அதன் பின்னால் உள்ள நான்கு முனைகளைப் பாருங்கள். கறுத்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சிலுக்கு வைத்திருக்கும் ரப்பரால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, துகள்களை ஊதிவிடுங்கள். கையின் உள்ளே இருக்கும் நான்கு முனைகளும் ஸ்பிரிங் வைத்தவை. ஒன்று உள்ளேயே சிக்கி நின்றிருக்கும், பல்குத்தும் குச்சியால் மெதுவாக அழுத்தி விட்டால் வெளியே வரும். போன மாதம் முலுண்டிலிருந்து வந்த ஒரு பாட்டி, பேரன் புது கார்ட்ரிட்ஜ் ஆர்டர் போடப்போகிறான் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு முனையைத் தட்டிவிட்டதும் இரண்டு பக்கமும் நாகஸ்வரம் கொட்டியது. அவர் அப்படியே முழுப் பக்கமும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள நான்கு வயர்கள். வெள்ளை இடது சிக்னல், நீலம் இடது எர்த், சிவப்பு வலது சிக்னல், பச்சை வலது எர்த். வெள்ளையைச் சிவப்போடும், நீலத்தைப் பச்சையோடும் இடம் மாற்றுங்கள். ஊமைப் பக்கம் இப்போது ஸ்பீக்கர் மாறினால் கோளாறு கார்ட்ரிட்ஜில்தான். மாறாவிட்டால் கையின் உள் வயரிலோ கேபிளிலோ.

மல்டிமீட்டர் வச்சு அளந்தா உடனே தெரிஞ்சுடாதா?

மூவிங் மேக்னெட் என்றால் தெரியும். கையிலிருந்து வயர்களைக் கழற்றிவிட்டு, ஒரு சேனலின் இரண்டு முனைகளுக்கு இடையே டிஜிட்டல் மீட்டரால் அளந்தால் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை காட்டும். எவ்வளவு என்பதைவிட இரண்டு சேனலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்றில் மட்டும் எதுவும் காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

செராமிக், கிறிஸ்டல் இரண்டிலும் மீட்டர் எதுவும் காட்டாது. அது அவற்றின் இயல்பு. மீட்டரை வைத்துவிட்டு “செத்துடுச்சு” என்று நல்ல செராமிக்கைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். மூவிங் காயிலில் மீட்டரை வைக்கவே வேண்டாம். முள் ஆடும் பழைய மீட்டர் குறைந்த ஓம் நிலையில் அனுப்பும் மின்சாரம் அந்த மெல்லிய கம்பிக்கு அதிகம்.

புதுசா ஆம்ப் வாங்கினேன். பழைய பிளேயர மாட்டினா சத்தம் கொசு மாதிரி வருது. ஃபிரெண்டு வீட்டுல மாட்டினா காது கிழியுது. எது சரி?

இரண்டும் தவறான இடத்தில் செருகியதால் வருவது. தட்டை வெட்டும்போதே தாழ்ந்த ஓசையைக் குறைத்தும் உயர்ந்த ஓசையை ஏற்றியும்தான் வெட்டுகிறார்கள். அதைச் சமன்படுத்தும் ஆர்ஐஏஏ முறை 1954-இலிருந்து பொதுவானது. ஆம்பில் ‘ஃபோனோ’ என்று எழுதிய இடம் இந்த வேலையையும் செய்து, சில மில்லிவோல்ட்டை ஏற்றியும் கொடுக்கிறது. மூவிங் மேக்னெட் தருவது மூன்றிலிருந்து ஆறு மில்லிவோல்ட் வரைதான், அதனால் அதற்கு ஃபோனோ வேண்டும். ஆக்ஸில், அதாவது மற்ற கருவிகளுக்கான சாதாரண இடத்தில் செருகினால் கொசுதான்.

செராமிக்கும் கிறிஸ்டலும் நூறு மில்லிவோல்ட்டில் தொடங்கி ஒரு வோல்ட்டுக்கு மேலும் தரும். சமன்படுத்தும் வேலையையும் ஓரளவு தாங்களே செய்துகொள்ளும். அவற்றை ஃபோனோவில் செருகினால் காது கிழியும். ஆக்ஸில் செருகினால் சத்தம் சரியாக வரும், ஆனால் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும். இந்த வகைக்கு ஒரு மெகாஓம் அளவு உள்தடை வேண்டும், இன்றைய ஆக்ஸில் அது பல மடங்கு குறைவு. நடுவில் அந்த உள்தடையைத் தரும் சின்ன பஃபர் சர்க்யூட் போட்டால் சரியாகும். லாமிங்டன் ரோட்டில் பாகம் வாங்கி, தெரிந்தவரிடம் கொடுத்தால் ஒரு மாலை வேலை.

‘ம்ம்ம்’னு தம்பூரா மாதிரி ஒரு ஹம் வந்துட்டே இருக்கு.

கையைத் தொட்டால் ஹம் கூடினாலோ குறைந்தாலோ எர்த் வயர் இல்லை அல்லது அறுந்திருக்கிறது. பிளேயரின் பின்னால் தனியாகத் தொங்கும் மெல்லிய வயரை ஆம்பின் எர்த் திருகில் மாட்டுங்கள். பழைய சால் எனப்படும் வரிசை வீடுகளில் சுவர் பிளக்கின் மூன்றாவது துளை பேருக்குத்தான் இருக்கும். அங்கே முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவர் எர்த்தைச் சரிசெய்யுங்கள், இது பாட்டைவிட உயிர் விஷயம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஹம் போகவில்லை, கார்ட்ரிட்ஜ் பழைய ஷுயர் என்றால், பின்னால் பச்சை வயர் முனையோடு ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அது பெட்டியின் உறையை வலது எர்த்தோடு இணைக்கிறது. உலோக ஹெட்ஷெல்லில் கையும் எர்த் ஆகியிருந்தால் இரண்டு வழியாகச் சுற்று உண்டாகி ஹம் வரும். தகட்டைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

ஜூன்ல நல்லாப் பாடுச்சு, ஆகஸ்ட்ல ஊமையாயிடுச்சு. கீழ போடல, தொடக்கூட இல்ல. எப்படி?

அது கிறிஸ்டல். உள்ளே இருப்பது ரோஷெல் உப்பு, பெயருக்கு ஏற்றாற்போல் உப்பேதான். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்த டார்ட்ரேட். அழுத்தினால் மின்சாரம் தரும் குணம் அதற்கு உண்டு என்று கியூரி சகோதரர்கள் 1880-இலேயே காட்டினார்கள். ஆனால் நம் சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் எப்படிக் கசிகிறதோ, அதே கதி இதற்கும். உறையில் சின்ன விரிசல் இருந்தால் போதும், மும்பையின் ஜூலை காற்று உள்ளே போய்ப் படிகத்தைக் கரைத்துவிடும். ஒருமுறை ஒரு பழைய உறையைப் பிரித்தேன். படிகம் இருக்க வேண்டிய இடத்தில், ஈரத்தில் வைத்த கற்கண்டு மாதிரி, ஓரம் மழுங்கிய ஒரு வழவழப்பான துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

காய வைத்தால் சரியாகுமே என்று ஹேர் டிரையர் பிடிப்பார்கள், மொட்டை மாடி வெயிலில் வைப்பார்கள். சுமார் 55 டிகிரி செல்சியஸில் அந்தப் படிகம் அடியோடு கெட்டுவிடும். இன்னும் பாடிக்கொண்டிருக்கும் கிறிஸ்டலை மழைக்காலத்தில் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கூடவே எலும்பு போல உலர்த்தவும் வேண்டாம், மிக வறண்ட காற்றில் அது தன்னுள் இருக்கும் நீரை இழந்து பொடியாகும். செராமிக்கில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

அப்போ கிறிஸ்டல் செத்தா பிளேயரே வேஸ்டா?

இல்லை. அதே இடத்தில் ஒரு செராமிக் போடுங்கள். மின்னழுத்தம் சற்றுக் குறைவாக வரும், வால்யூமைக் கொஞ்சம் கூட்டினால் போதும். திருகு துளைகளின் இடைவெளி 12.7 மில்லிமீட்டர் என்பது பொது அளவு. பழைய பெட்டி பிளேயர்களில் வேறு பிடி இருக்கும், சின்ன அலுமினியத் தகட்டை வளைத்து நான் அடாப்டர் செய்துகொள்வேன். செத்த கிறிஸ்டலின் உறையை எறியாதீர்கள். அந்தப் பிடியும் நெம்புகோலும் இன்னொன்றுக்கு உதவும்.

ஊசி ரப்பர் கல்லு மாதிரி ஆயிடுச்சு. அமிர்தாஞ்சனம் தடவினா இளகும்னு ஒருத்தர் சொன்னார், நிஜமா?

பாதி நிஜம். விறைத்த ரப்பரை இளக்கும் பொருள் மெத்தில் சாலிசிலேட். அது வலித் தைலங்களில் இருக்கிறது, அந்த வாசனையே அதனுடையதுதான். ஆனால் தைலத்தில் குழைவுக்காகச் சேர்த்தது, கற்பூரம், மெந்தால் எல்லாம் கூடவே இருக்கும். அவை ரப்பரைச் சுற்றிப் பிசினாகப் படிந்து, முன்பு இருந்ததைவிட மோசமாக்கும். தைல டப்பாவை மூடிவிடுங்கள்.

ஊட்டிக்குப் போனால் யூக்கலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்திலேயே விண்டர்கிரீன் தைலம் விற்பார்கள். அதில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட்தான். கலப்படம் இல்லாததாக இருந்தால் அது உதவும். நான் செய்வது இப்படி: ஊசியை உருவி எடுத்து, லென்ஸுக்கு அடியில் வைத்து, குண்டூசி முனையில் நிற்கும் அளவு ஒரு துளியை ரப்பரில் மட்டும் தொட வைப்பேன். பிளாஸ்டிக்கில் பட்டால் சில வகை பிளாஸ்டிக் கரையும். ஒரு ராத்திரி விட்டு, காலையில் மெல்லிய பிரஷ்ஷால் தண்டை லேசாகத் தள்ளிப் பார்ப்பேன். தள்ளியதும் நகர்ந்து, விட்டதும் நடுவுக்கு வந்து நின்றால் சரி. இன்னும் விறைப்பாக இருந்தால் இன்னொரு துளி, இன்னொரு ராத்திரி. அவசரப்பட்டு இரண்டு துளி விட்டால் ரப்பர் ஊதிப்போய் தண்டு தொங்கிவிடும்.

இதை எல்லா ஊசிக்கும் செய்யச் சொல்ல மாட்டேன். பலன் சில மாதம் நிற்கலாம், சில வருஷம் நிற்கலாம். மாற்று ஊசி கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் என்றால் மாற்றிவிடுங்கள். எங்கேயும் கிடைக்காது என்று உறுதியான ஊசிக்கு மட்டும் இந்த வைத்தியம்.

எனக்கு அதுக்கு நேர் மாறா அண்ணாச்சி. ரப்பர் தார் மாதிரி ஒழுகுது.

பழைய செராமிக்குகளில் இது சகஜம். ஊசித்தண்டு உட்காரும் சின்ன ரப்பர் கவட்டை உருகிப் பிசுபிசுவென்று ஆகிவிடும். ஓசை மங்கும், பிறகு நிற்கும். அதை இளக்கவோ இறுக்கவோ வழியில்லை, சுரண்டி எடுத்துவிட்டு ஆல்கஹாலில் துடைக்க வேண்டியதுதான். செராமிக் பட்டை நொறுங்கும் பொருள், அதனால் குச்சியால் மட்டும் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம்.

கவட்டைக்குப் பதில் மென்மையான மெல்லிய சிலிக்கான் குழாயில் ஒரு மில்லிமீட்டர் துண்டு வெட்டி, பட்டையின் நுனியில் மாட்டி, ஊசித்தண்டு அதில் உட்காரும்படி செய்கிறேன். முதல் இரண்டு மூன்று துண்டு சரியாக வராது. வந்ததும், தாராவியிலிருந்து வந்த ஒரு அண்ணாச்சியின் பிளேயர் மாதிரி திடீரென்று பாடும்.

எடை எவ்வளவு வைக்கணும்? எங்க வீட்டுல ஹெட்ஷெல் மேல ஒரு ரூபாய் ஒட்டியே ஓட்டுவோம்.

நாணயம் ஒட்டிய பிளேயர் வாரம் ஒன்றாவது வருகிறது. ரூபாய் சின்னம் போட்டு 2011-இல் வந்த ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம். அது முழுதும் ஊசி முனைக்கே போகாவிட்டாலும் பெரும்பகுதி போகும். மூவிங் மேக்னெட்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று கிராம் வரைதான் மொத்த எடையே. செராமிக்குக்கு மூன்றிலிருந்து ஏழெட்டு கிராம் வரை. ஊசி எகிறுகிறது என்று நாணயம் வைப்பது, காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது போல. எகிறுவதற்குக் காரணம் விறைத்த ரப்பர், கையின் பேரிங்கில் அழுக்கு, சமனில்லாத மேஜை, இவற்றில் ஒன்று.

ஜவேரி பஜாரில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் தராசால் எடை பார்க்கலாம், இரண்டு எச்சரிக்கையோடு. தராசுத் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்து எடை தவறாகக் காட்டும், மேலே ஒரு பிளாஸ்டிக் மேடை வைத்துக்கொள்ளுங்கள். ஊசி நிற்கும் உயரம் தட்டின் உயரமாகவே இருக்க வேண்டும். சரியாக எத்தனை கிராம் என்று தெரியாவிட்டால், கம்பெனி சொன்ன வரம்பின் மேல்பக்கத்தில் வையுங்கள். எடை குறைந்து ஊசி பள்ளத்துக்குள் துள்ளுவதுதான் தட்டை அதிகம் கெடுக்கிறது.

முதல் பாட்டு நல்லா இருக்கு, உள்பக்கம் போகப் போக கரகரங்குது.

தட்டின் உள்பக்கத்தில் அதே ஓசை குறைந்த நீளத்தில் நெருக்கமாக எழுதப்பட்டிருக்கிறது, சின்னப் பிழையும் அங்கே பெரிதாகக் கேட்கும். கார்ட்ரிட்ஜ் கோணலாக மாட்டியிருக்கலாம். கட்டம் போட்ட புரொட்ராக்டர் தாளை அச்செடுத்து, இரண்டு புள்ளியிலும் கார்ட்ரிட்ஜ் உடல் கோட்டுக்கு இணையாக நிற்கும்வரை திருகைத் தளர்த்தி நகர்த்துங்கள். அரைமணி நேரம் பிடிக்கும். அப்படியும் போகாவிட்டால் தேய்மானம், லென்ஸைப் பற்றி மேலே சொன்ன பதிலைப் பாருங்கள்.

கான்டிலிவர் லேசா வளைஞ்சிருக்கு. ட்வீஸரால நிமிர்த்திடலாமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். நண்பர் ஒருவரின் தாத்தா வைத்திருந்த எம்75 ஊசி, இடப்பக்கமாகத் துளி வளைந்திருந்தது. லென்ஸ், விளக்கு எல்லாம் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ட்வீஸரால் பிடித்து எதிர்ப்பக்கம் தள்ளினேன். தண்டு நிமிர்ந்தது. “சரியாயிடுச்சு” என்று அவரைப் பார்த்துத் திரும்பிய நேரத்தில், வளைந்திருந்த அதே இடத்தில் அது இரண்டாக விழுந்தது. அலுமினியக் குழாய் ஒருமுறை மடங்கினால் அந்த இடம் பலவீனமாகிவிடுகிறது, திருப்பி மடக்கினால் உடையும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மடிப்பு விழாமல், வில் மாதிரி லேசாக வளைந்திருந்தால் மட்டும் முயற்சி செய்யலாம், அதுவும் போனால் போகட்டும் என்ற ஊசியில். வி15 வகையின் பிந்தைய ஊசிகள் சிலவற்றில் தண்டு பெரிலியம். அது வளையாது, ஒடியும். ஒடிந்ததை அரத்தால் தேய்க்கக் கூடாது, அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

மாற்று ஊசி வாங்கினேன். ‘ஒரிஜினல்’னு போட்டிருக்கு. நம்பலாமா?

ஷுயர் 2018-இல் கார்ட்ரிட்ஜ் செய்வதையே நிறுத்திவிட்டது. அதனால் இன்று “புத்தம் புது ஷுயர் ஒரிஜினல், எத்தனை வேண்டுமானாலும் இருக்கிறது” என்று யார் சொன்னாலும் நான் தள்ளி நிற்பேன். ஒரு கடையில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பெட்டியில் எல்லா எழுத்தும் சரியாக இருந்தது, லென்ஸில் பார்த்தால் முனையே சாய்ந்து ஒட்டியிருந்தது.

மாற்று ஊசி என்று நேர்மையாகச் சொல்லி விற்பதில் நல்லவை உண்டு. ஜப்பானின் ஜிகோ, 1873-இல் தையல் ஊசியில் தொடங்கிய கம்பெனி, பழைய ஷுயர்களுக்கு நல்ல ஊசி செய்கிறது. எதை வாங்கினாலும் முனை நேராக நிற்கிறதா, தண்டு நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

தாத்தாவோட 78 தட்டு முப்பது இருக்கு. எல்பி ஊசியிலேயே ஓட்டிக்கலாமா?

வேண்டாம். ஸ்டீரியோ எல்பி முனை அங்குலத்தில் ஆயிரத்தில் 0.7 பங்கு, 78-க்கு வேண்டியது ஆயிரத்தில் மூன்று பங்கு. மெல்லிய முனை பள்ளத்தின் அடியில் விழுந்து குப்பையில் உருளும், சரசரப்புதான் கேட்கும். தடித்த முனையை எல்பியில் வைத்தால் எல்பி போச்சு. நெம்புகோல் உள்ள கார்ட்ரிட்ஜில் ஒவ்வொரு தடவையும் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

வயர் கிளிப் லூஸா இருக்கு. ஒரு சொட்டு சால்டர் வச்சுடட்டுமா?

கார்ட்ரிட்ஜ் முனையில் நேரடியாக ஒருபோதும் சால்டர் வைக்காதீர்கள். முனையின் மறுபக்கத்தில் முடி போன்ற கம்பி ஒட்டியிருக்கிறது, சூட்டில் அது விட்டுவிடும். நல்ல சேனலைக் கொல்ல இதுவே சுலபமான வழி. கிளிப்பைக் கழற்றி, உள்ளே பல்குத்தும் குச்சியை நுழைத்து, வெளியே இருந்து லேசாக நெருக்கினால் இறுகும். கிளிப்பில் வயர் விட்டுப்போயிருந்தால் கிளிப்பைத் தனியாக எடுத்து அதில் சால்டர் வைத்து, ஆறிய பிறகு மாட்டுங்கள்.

எல்லாம் சரியா இருக்கு. கேபிள் மட்டும் நல்லதா மாத்தினேன். இப்போ வயலின் வேற மாதிரி கேட்குது. பிரமையா?

பிரமை இல்லை. மூவிங் மேக்னெட்டின் காயிலும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்) சேர்ந்துதான் மேல்சுரத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. ஷுயர் வி15 டைப் 3-க்கு 400-லிருந்து 500 பிகோஃபேரட் வரை வேண்டும் என்று கம்பெனியே சொல்லியிருந்தது. ஆடியோ டெக்னிகா வகைகளுக்கு 100-லிருந்து 200 போதும். உயர்தர கேபிள் என்று விற்பவை பெரும்பாலும் கெப்பாசிட்டன்ஸ் குறைந்தவை, பழைய ஷுயரோடு போட்டால் சமநிலை மாறும். பழைய கேபிளையே திரும்பப் போட்டுப் பாருங்கள், அல்லது ஃபோனோ பிளக்கில் இணையாகச் சின்ன கெப்பாசிட்டர் சேர்க்கலாம்.

பாம்பேல இதுக்கெல்லாம் பாகம் எங்க கிடைக்கும்?

வயர், கிளிப், பிளக், கெப்பாசிட்டர் எல்லாம் கிராண்ட் ரோடு பக்கம் லாமிங்டன் ரோட்டில். பழைய ஹெட்ஷெல், செத்த கார்ட்ரிட்ஜ் உறை, உடைந்த பிளேயரிலிருந்து எடுத்த கை, இவை சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டில். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்று கடைகளுக்கு விடுமுறை. லென்ஸைக் கையோடு கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். காலா கோடாவில் இருந்த ரிதம் ஹவுஸ் என்ற இசைக்கடையை இன்னும் சிலர் விசாரிக்கிறார்கள். அது 2016-இல் மூடிவிட்டது.

மூவிங் காயில்ல கம்பியே அறுந்துடுச்சு. ரீடிப் பண்ணா பழைய சத்தம் வருமா?

இரண்டும் வேறு வேலை. ரீடிப் என்பது தேய்ந்த முனையையோ தண்டையோ மாற்றுவது. இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான் என்று வெளிநாடுகளில் நல்ல கைகள் இருக்கின்றன. தண்டு மாறும்போது ஓசையும் கொஞ்சம் மாறும். அலுமினியம் இருந்த இடத்தில் போரான் போட்டால் கூர்மை கூடும், சிலருக்கு அது பிடிக்கும், சிலர் பழைய இளக்கத்தைத் தேடுவார்கள். உங்கள் கார்ட்ரிட்ஜில் இருந்த அதே வகைத் தண்டைக் கேளுங்கள்.

காயில் கம்பி அறுந்தால் திருப்பிச் சுற்ற வேண்டும், அதற்குச் செலவு புதுக் கார்ட்ரிட்ஜையே தொடும். அனுப்பும் முன், அறுந்தது காயிலில்தானா என்று லென்ஸில் பாருங்கள். பின்பக்க முனையில் கம்பி சேரும் இடத்தில் மட்டும் விட்டிருந்தால் திறமையான கையால் ஒட்டிவிட முடியும். சயனில் இருந்து வந்த ஒரு தம்பியின் டிஎல்-103 அப்படித்தான் இருந்தது. அதை நான் தொடவில்லை, என் கை அந்த வேலைக்குப் போதாது. பஞ்சில் சுற்றி, ஊசிக்கு மூடி போட்டு, டப்பாவில் அசையாதபடி வைத்து வெளியூர் ரீடிப்காரருக்கு அனுப்பச் சொன்னேன். போன வாரம் திரும்பி வந்திருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறான்.